ஏழாம் நம்பர் கவிதை

எங்கள் பக்கம் கவிஞர் ஆவது மோட்டார் லைசென்ஸ் எடுப்பதைவிடச் சுலபம். லைசென்ஸுக்குப் பரீட்சை உண்டு. கவிஞர் ஆவதற்குக் கல்யாண மேடையில் ஏறி ஒரு வாழ்த்துப்பா வாசித்தால் போதும். அடுத்த கல்யாணத்து அழைப்பிதழில் அந்தப் பட்டம் பேருக்கு முன்னால் வந்து உட்கார்ந்துகொள்ளும். அப்புறம் அதை யாராலும் கிளப்ப முடியாது. நானும் அப்படி ஆனவன்தான். காலமெல்லாம் எனக்குச் சோறு போட்டது வெல்டிங். ஆனால் ‘வெல்டர்’ என்று என் பேருக்கு முன்னால் எவரும் போட்டதில்லை.

நான் பிறந்தது சிரம்பானுக்கும் போர்டிக்சனுக்கும் நடுவில் இருந்த ஒரு ரப்பர் தோட்டத்தில். இப்போது அங்கே பாதி செம்பனை, பாதி தாமான் என்கிற குடியிருப்பு வீடுகள். அப்பாவும் அம்மாவும் விடியுமுன்னே நெற்றி விளக்கோடு போய் ரப்பர் மரத்தில் பால் வெட்டினார்கள். தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முடித்தேன். மேலே படிக்கப் பட்டணத்துக்குப் போக வேண்டும். தோட்டத்து லோரியில்தான் எங்களை ஏற்றிக்கொண்டு போவார்கள். ஒரு நாள் லோரி படுத்துக்கொண்டது. பட்டறைக்குப் போன லோரி திரும்பவில்லை, நானும் பள்ளிக்குத் திரும்பவில்லை. தோட்டத்துக் கணக்குப் பார்க்கும் கிராணியார் தன் மகனை மட்டும் மோட்டாரில் கொண்டுபோய் விட்டார். என் கல்வி ஒரு கியர்பாக்ஸோடு முடிந்தது. இதில் வருத்தப்பட ஒன்றுமில்லை. அந்த லோரியில் வந்தவர்களில் பாதிப் பேருக்கு அப்படித்தான் முடிந்தது.

சிரம்பானில் ஒரு சீனர் பட்டறையில் இரும்புக் கேட்டும் கிரில்லும் ஒட்டப் பழகினேன். முதலாளி ஒன்றும் சொல்லிக்கொடுக்கவில்லை, திட்டுவார். திட்டு விழாத அன்றைக்கு வேலை சரியாக இருக்கிறது என்று நானே புரிந்துகொள்வேன். அங்கிருந்து ஷட்டவுன் வேலைக்குத் தாவினேன். எண்ணெய் ஆலைகளை எப்போதாவது மொத்தமாக நிறுத்திக் கழுவி, ஓட்டை உடைசல் பார்ப்பார்கள். அப்போது நாடு முழுக்க உள்ள வெல்டர்களை வளைத்துப் பிடிப்பார்கள். ஆலை மறுபடி ஓடத் தொடங்கினதும் பையைத் தூக்கிக்கொண்டு அடுத்த ஊர் போக வேண்டியதுதான். திருவிழாவில் பலூன் விற்கிறவன் பிழைப்பு. போர்டிக்சன், மலாக்கா, கெர்த்தே, பிந்துலு, சிங்கப்பூர் என்று சுற்றினேன். கன்டெய்னர் பெட்டிகளில் படுத்தேன். இடது தோளில் தீக்காயம் ஒன்று இருக்கிறது. நெஞ்சில் இருமல் ஒன்று இருக்கிறது. மற்றபடி ஒரு குறையும் இல்லை.

கவிதை எழுதத் தொடங்கியது எண்ணெய்த் தொட்டிகளுக்கு உள்ளே. வெல்டர் பையில் எப்போதும் கோடு போடுகிற சாக்குக்கட்டி இருக்கும். வேலைக்கு நடுவே தொட்டிச் சுவரில் எழுதுவேன். எழுதி, சத்தமாக ஒரு தடவை வாசிப்பேன். தொட்டிக்குள் எந்த வரியைச் சொன்னாலும் எட்டுத் திக்கிலிருந்தும் திரும்பி வரும். என்னைப் போல ஒருவன் உலகத்திலேயே இல்லை என்று தோன்றும். பிற்காலத்தில் இலக்கிய மேடைகளில் ஏறியபோதுதான் தெரிந்தது, அங்கேயும் அதே ஏற்பாடுதான், என்ன, தொட்டிக்குப் பதில் மைக். நான் எழுதியதன் மேல் பெயிண்டர் வந்து சாயம் அடித்துவிட்டுப் போவான். அந்த அளவு நேர்மையான விமர்சகனை அதற்குப் பிறகு நான் சந்திக்கவில்லை.

என் மனைவி பக்கத்துத் தோட்டத்துப் பெண். பால் வெட்டு. நான் ஊர் ஊராகப் போய்க்கொண்டிருக்க, அவள் தோட்டத்து வரிசை வீடான லயத்திலேயே இருந்து மகளை வளர்த்தாள். கவிதை அவளுக்கு ஒரு வியாதி மாதிரி. எனக்கு இருக்கிறது என்று தெரியும், ஒட்டாமல் பார்த்துக்கொண்டாள். விடுமுறையில் வந்து எதையாவது வாசித்துக் காட்டினால், “நல்லாத்தான் இருக்கு. அந்தக் கேட்டு கொக்கி உடைஞ்சு கெடக்கு, அதையும் ஒட்டிட்டுப் போங்க” என்பாள். ஒட்டிவிட்டுப் போவேன்.

சிறுநீரகக் கோளாறில் அவள் போய்ச் சேர்ந்தாள். நான் பிந்துலுவிலிருந்து வந்தபோது ஆஸ்பத்திரியில் பேசிக்கொண்டுதான் இருந்தாள். மகளுடைய கம்பெனி லீவு, வீட்டுக்குத் தண்ணீர்க் கட்டணம் என்றுதான் பேசினோம். பெரிய பேச்சு எதுவும் பேசவில்லை. பேசியிருந்தால் அது அவளாக இருந்திருக்காது.

வருஷம் திரும்பியதும் பேப்பரில் நினைவஞ்சலி போட வேண்டும் என்று மகள் சொன்னாள். நம் ஆட்களில் இதைப் போடாத வீடு இல்லை. மேலே படம், நடுவில் கவிதை, கீழே பிரிவால் வாடுகிறவர்கள் பட்டியல். சிரம்பான் பழைய கடைவீதியில் இருக்கும் பேப்பர் ஏஜெண்டிடம் போனேன். அவர் மேசைக் கண்ணாடிக்கு அடியில் மாதிரிக் கவிதைகளை நம்பர் போட்டு வைத்திருந்தார், ஒன்று முதல் ஆறு வரை. பார்ட்டி வந்து விரலை வைத்துக் காட்டும், ஏஜெண்ட் நம்பரைக் குறித்துக்கொள்வார். ஒன்றாம் நம்பரில் விளக்கு அணைந்தது. இரண்டில் தீபம் அணைந்தது. மூன்றில் நட்சத்திரம் உதிர்ந்தது. ஆறு வரை பார்த்துவிட்டேன், ஒன்றில்கூட மனுஷன் யாரும் சாகவில்லை.

“நான் சொந்தமா எழுதியிருக்கேன்” என்று தாளை நீட்டினேன்.

ஏஜெண்ட் மூக்குக் கண்ணாடியை இறக்கிவிட்டு என்னைப் பார்த்தார். “சொந்தமாவா? எதுக்குண்ணே ரிஸ்க் எடுக்குறீங்க? நாலாம் நம்பர் நல்லா போவும்லா.”

“இதையே போடுங்க.”

அவர் வாசித்தார். “பூட்ஸ் எல்லாம் வருது. சாவு விளம்பரத்துல பூட்ஸ் போடலாமாண்ணே?”

“அவ பூட்ஸ் போட்டவதான்.”

“சரி, ஒங்க இஷ்டம்.” 

அப்படி வெளிவந்ததுதான் இது:

விடியாத காட்டுக்கு
நெற்றியில் விளக்குக் கட்டிப் போனவளே,
ஊர் ஊராய் இரும்பு ஒட்டப் போனேன் நான்,
வீடு பிரியாமல் கிடந்தது உன்னால்.
வாசலில் பால் வாளி காத்திருக்கிறது.
பூட்ஸைக் கழற்றிவிட்டு உள்ளே வா,
இன்றைக்குச் சோறு நான் ஆக்கியிருக்கிறேன்.

அவளுக்கென்று உட்கார்ந்து நான் செய்த ஒரே காரியம் இந்த வரிகள்தான். கேட்டுக் கொக்கியெல்லாம் நின்றுகொண்டே ஒட்டியது.

சில வாரம் கழித்துப் பேப்பரைப் புரட்டினால் அதே கவிதை. மேலே படத்தில் யாரோ ஒரு அம்மாள், கீழே யாரோ ஒரு குடும்பம். சரி, நாலு பேருக்குப் பிடித்திருக்கிறது என்று மீசையைத் தடவிக்கொண்டேன். அடுத்த மாதம் இன்னொன்று. அப்புறம் வாரம் தவறாமல். ஏஜெண்டிடம் போய்ப் பார்த்தேன். என் கவிதையைக் கத்தரித்து, அவள் படத்தையும் எங்கள் பேர்களையும் வெட்டி எறிந்துவிட்டு, கண்ணாடிக்கு அடியில் வைத்து ஏழு என்று எழுதியிருந்தார்.

“எல்லாரும் ஏழாம் நம்பர்தாண்ணே கேக்குறாங்க” என்றார், எனக்கு விருது கொடுக்கிற முகத்தோடு. “ஆம்பளைன்னா ‘போனவரே’ன்னு மாத்திக்குறேன். மத்ததுல கை வைக்கிறதில்ல.”

“ஏன் வைக்கிறதில்ல? அந்தாளு பால் வெட்டாத ஆளா இருந்தா?”

“நானும் சொல்லிப் பாத்தேன். ‘ஐயோ, வேணாம், சாவுக் கவிதையில கை வெச்சா செத்தவங்களுக்கு ஆவாது’ன்னுட்டாங்க. மந்திரம் மாதிரிலா. யாரு அர்த்தம் பாக்குறா?”

யாரும் பார்க்கவில்லை என்பது உண்மைதான். சிரம்பானில் ஒரு வட்டிக்கடைக் குடும்பத்துப் பெரியவர் காலமானார். முழுப் பக்க விளம்பரம், கலர் படம், தலைப்பாகை. ‘விடியாத காட்டுக்கு நெற்றியில் விளக்குக் கட்டிப் போனவரே.’ எனக்குத் தெரிந்து அவர் போனதெல்லாம் கடன் வாங்கினவன் வீட்டுக்கு. அதற்கு விளக்கு வேண்டாம், பகலிலேயே போவார். நீலாயில் ஒரு டீச்சர் தன் கணவருக்கு இதைப் போட்டிருந்தார். ‘ஊர் ஊராய் இரும்பு ஒட்டப் போனேன் நான்’ என்று டீச்சர் சொல்கிறார், அடியில் அவர் பட்டங்கள் வரிசையாக இருக்கின்றன. போர்டிக்சனில் பல் டாக்டர் ஒருவருடைய மாமியார் காரை விட்டு இறங்காத பெண்மணி. செத்த பிறகு அவர் காலில் ரப்பர் பூட்ஸை மாட்டிவிட்டேன். உயிரோடிருந்த காலத்தில் எங்கள் லயத்துப் பக்கம் எட்டிப் பார்க்காதவர்கள் எல்லாம் போன பிறகு பால் வெட்டக் கிளம்பினார்கள். மாநிலத்தில் தோட்டங்கள் குறையக் குறைய பேப்பரில் பால் வெட்டுகிறவர்கள் கூடிக்கொண்டே போனார்கள்.

உடம்பு ஷட்டவுனுக்கு ஆகாது என்று ஆன பிறகு அம்பாங்கானில் மகள் வீட்டில் வந்து உட்கார்ந்தேன். சும்மா இருக்க முடியாமல் இலக்கியக் கழகம் ஒன்றில் சேர்ந்தேன். தலைவர் ஒரு பணி ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். நல்ல குரல். எந்தக் கூட்டத்திலும் முதல் வரிசையில் உட்கார்ந்து, பேசுகிறவன் தப்பு விடும் இடத்தில் மட்டும் தலையாட்டுவார். என் கவிதைகளைப் புத்தகமாகப் போடலாம் என்று அவர்தான் சொன்னார். என்மேல் பாசம் என்றெல்லாம் இல்லை. ‘உழைப்பாளிக் கவிஞர்’ ஒருவர் கழகத்தின் அந்த வருஷக் கணக்கில் இன்னும் வரவில்லை. வெளியிட, அரசு பட்டம் பெற்ற ஒரு டத்தோவையும் பிடித்துவிட்டார்.

எழுதினதையெல்லாம் சேர்த்துக் கொடுத்தேன். ஒரு வாரம் கழித்து வீட்டுக்கு வரச் சொன்னார். போனேன். சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்திருந்தார்.

“எல்லாம் நல்லாருக்கு கவிஞரே. இந்த ஒரு பக்கத்தை மட்டும் எடுத்துடுங்க.”

பார்த்தேன். அவள் கவிதை.

“ஏங்கய்யா?”

“இது நம்மளுது இல்லியே.”

“என்னுதுதாங்கய்யா. நான் எழுதினது.”

அவர் சிரித்தார். பள்ளிக்கூடத்தில் பார்த்து எழுதின பையனைப் பிடித்த சிரிப்பு. “நாட்டுல பாதிப் பேரு இப்ப அப்படித்தான் சொல்றான். ஊர் பூரா தெரிஞ்ச கவிதை. எங்கம்மாவுக்கே இதைத்தான் போட்டேன், அங்க பாருங்க.”

சுவரில் ஓர் அம்மாள் பட்டுச் சேலையில், சட்டத்துக்குள் இருந்தார். அடியில் தங்க எழுத்தில் என் வரிகள்.

“அம்மா பால் வெட்டினாங்களாய்யா?”

“எங்கம்மாவா?” அவருக்குக் கோபம் வந்துவிட்டது. “நாங்க கிராணி குடும்பம். அவங்க காட்டுப் பக்கமே போனதில்ல.”

“அப்ப நெத்தி விளக்கு?”

“அது ஞானம் கவிஞரே. உருவகம்! நெற்றியில் விளக்குன்னா ஞான ஒளி. பால் வாளின்னா தாய்மை.”

“இரும்பு ஒட்டப் போனது?”

“இரும்பு நெஞ்சங்களை ஒட்டுறது.”

“பூட்ஸ்?”

அங்கே மட்டும் கொஞ்சம் தடுமாறினார். “உலகப் பற்று” என்றார். “அதைக் கழற்றிட்டு வான்னு கூப்பிடுறது.”

இவ்வளவு நாள் அவள் குழாயடியில் பிரஷ் போட்டுத் தேய்த்தது உலகப் பற்றை என்று எனக்குத் தெரியாமல் போய்விட்டது.

மறுநாள் மகள் பத்திரமாக வைத்திருந்த பழைய பேப்பரைக் கொண்டுபோய்க் காட்டினேன். அவள் படம், என் பேர், மகள் பேர், எல்லாம் அதில் இருந்தன. தலைவர் தேதியைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். மறுபடி தேதியைப் பார்த்தார். பிறகு எழுந்து போய்த் தேத்தண்ணி கலக்கச் சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

“சரி. ஒங்களுதாவே இருக்கட்டும்” என்றார். “இப்ப இதை வெளியில சொல்லி யாருக்கு என்ன லாபம்?”

“வெளியில சொல்ல வேணாம்யா. புத்தகத்துல இருந்தா போதும்.”

“அதுல ஒரு சின்னச் சிக்கல்.” குரல் இறங்கியது. “டத்தோவோட அப்பா தவறினப்ப நினைவுக் கூட்டத்துல இதை நான்தான் வாசிச்சேன். டத்தோ அழுதுட்டாரு. ‘தலைவர் எழுதின கவிதை மாதிரி கேட்டதே இல்ல’ன்னு எல்லார் முன்னாடியும் சொல்லிட்டாரு.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“நான் எழுதினேன்னு ஒரு நாளும் சொன்னதில்ல கவிஞரே. அது சத்தியம். இல்லன்னும் சொல்லல, அவ்வளவுதான்.”

ஆக, அவள் கவிதை புத்தகத்தில் வந்தால் டத்தோ புரட்டிப் பார்ப்பார், தலைவர் முகம் கெடும். வராவிட்டால் விழா நடக்கும். அழைப்பிதழ் அச்சாகிவிட்டது, மண்டபம் எடுத்தாகிவிட்டது, மகள் லீவு போட்டுவிட்டாள். நான் தேத்தண்ணியைக் குடித்து முடித்து, “சரிங்கய்யா” என்றேன். வீட்டுக்கு வந்து சொன்னதும் மகள் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள்.

“என்னப்பா இது? அம்மாவை வெளிய எடுத்துடுங்கன்னு சொல்லியிருக்காரு, நீங்க சரின்னுட்டு வந்து நிக்கிறீங்க.”

“புக்கு வர வேணாமா?”

“அம்மாவுக்குன்னு நீங்க எழுதினது அது ஒண்ணுதான். அது இல்லாம அது என்ன புக்கு? கேட்டும் கிரில்லும் பத்தியா?”

உண்மையில் அந்தப் புத்தகத்தில் கேட்டும் கிரில்லும் பற்றி நிறைய இருந்தது.

புத்தகம் வந்தது. அவள் இருந்த பக்கத்தில் டத்தோவின் படம் கலரில் வந்திருந்தது.

நம் நாட்டில் தமிழ்ப் புத்தகம் வெளியிடும் விதத்தை வேறு ஊர்க்காரர்களுக்குச் சொன்னால் நம்ப மாட்டார்கள். வருகிறவர்கள் ஒவ்வொருவராக மேடை ஏறிக் கவரைக் கொடுப்பார்கள், டத்தோ கையால் புத்தகத்தை வாங்குவார்கள், படம் எடுத்துக்கொள்வார்கள், இறங்கிப் போய் அதன்மேல் கைப்பையை வைப்பார்கள். மொய் எழுதுகிற மாதிரிதான். மாப்பிள்ளை பெண் இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம். குறை சொல்லவில்லை. அந்தக் கவர்கள் இல்லாவிட்டால் அச்சகக்காரன் என்னை ஒட்டியிருப்பான். ஆனால் மண்டபத்தில் இருந்த ஒருவரும் புத்தகத்தைத் திறக்கவில்லை என்பதையும் மேடையிலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

பேச வந்தவர்களும் திறக்கவில்லை. ஒருவர் என்னை இரும்பு என்றார். அடுத்தவர் என்னை நெருப்பு என்றார். மூன்றாமவர் இரும்பும் நெருப்பும் சேர்ந்தவர் என்று சொல்லிக் கைத்தட்டல் வாங்கினார். டத்தோ, தமிழ் சாகாது என்றார். கடைசியாக என் ஏற்புரைக்கு வந்தபோது பின்பக்கத்திலிருந்து மீ ஹூன் சேமியா வாசனை வந்துவிட்டது. கூட்டம் பாதி திரும்பி உட்கார்ந்திருந்தது. சுருக்கமாகப் பேசுங்கள் என்று தலைவர் காதில் சொன்னார்.

சுருக்கமாகத்தான் பேசினேன். நன்றி சொன்னேன். பிறகு, “புத்தகத்தில் இல்லாத ஒன்றை வாசிக்கிறேன்” என்று சொல்லிவிட்டு ஆரம்பித்தேன்.

“விடியாத காட்டுக்கு…”

முதல் வரிசையில் ஒரு பெரியவர் எழுந்து நின்றார். கைகளை முன்னால் கட்டிக்கொண்டார். பக்கத்தில் இருந்தவர் அவரைப் பார்த்து எழுந்தார். அப்புறம் மண்டபம் முழுக்க நாற்காலி இழுபடும் சத்தம். பின்னால் மீ ஹூன் போட்டுக்கொண்டிருந்தவர்கள் கரண்டியை வைத்துவிட்டு நிமிர்ந்தார்கள். ஒருவர் தொப்பியைக் கழற்றினார். டத்தோ எழுந்து தலையைக் குனிந்துகொண்டார். அவர் எழுந்துவிட்டதால் தலைவரும் எழ வேண்டியதாயிற்று.

அறிவிப்பாளர் என் பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டார்: “யாருங்க தவறிட்டது? எனக்கு ஒண்ணும் சொல்லலியே.”

நான் கடைசி வரி வரைக்கும் வாசித்தேன். முடிந்த பிறகும் யாரும் உட்காரவில்லை. மௌன அஞ்சலி என்றால் யாராவது ஒருவர் ‘நன்றி, அமரலாம்’ என்று சொல்ல வேண்டும், அதுதான் முறை. நான் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் அவர்களைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வட்டிக்கடைக்காரர் மகன், பல் டாக்டர், டத்தோ, தலைவர், எல்லாரும் தலை குனிந்து நிற்கிறார்கள். அவள் செத்த அன்றைக்கு இவ்வளவு பேர் வரவில்லை.

“இது நான் எழுதினது” என்றேன். “எம் பொஞ்சாதிக்கு எழுதினது. உக்காருங்க.”

உட்கார்ந்தார்கள். கைத்தட்டலாமா கூடாதா என்று தெரியாமல் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். தலைவர் பாய்ந்து வந்து மைக்கைப் பிடித்தார். “மனைவியை இழந்த துயரத்தில், நாடறிந்த இந்தக் கவிதையை நம் கவிஞர் இங்கே எடுத்தாண்டு, நம் கண்களைக் குளமாக்கிவிட்டார்” என்றார். இப்போது கைத்தட்டினார்கள். டத்தோ தலைவரின் முதுகில் தட்டிக்கொடுத்தார். நான் சொன்னதை மூன்றாவது வரிசைக்குப் பின்னால் கேட்டவர்கள் இருந்தார்களா என்றுகூட எனக்குச் சந்தேகம்.

சாப்பாட்டுக்கு முன்னால் கையெழுத்துப் போட ஒரு மேசை வைத்திருந்தார்கள். நான் ஒன்று முடிவு செய்துகொண்டு உட்கார்ந்தேன். புத்தகத்தின் கடைசியில் ஒரு வெள்ளைப் பக்கம் இருந்தது. ஒவ்வொருவர் புத்தகத்திலும் அந்தப் பக்கத்தில் அவள் கவிதையை எழுதி, அடியில் என் பேரைப் போட்டுக் கொடுப்பது. அச்சகத்தில் எடுத்ததை நான் கையால் திருப்பி வைத்துவிட்டால் யார் என்ன செய்ய முடியும்?

முதலில் வந்த அம்மாளுக்கு எழுதி நீட்டினேன். வாங்கிப் பார்த்தவர் சுடுசட்டியைத் தொட்ட மாதிரி மேசையில் போட்டார்.

“ஐயோ, என்னாங்கய்யா இது! சாவுக் கவிதையை எழுதிட்டீங்களே! சாமி மேடை இருக்குற வீட்டுக்குள்ள இதை எப்படிக் கொண்டு போவேன்?”

“இது என் கவிதைங்கம்மா.”

“யாருதா இருந்தா என்னா? வேற புக்கு குடுங்க. மங்களமா ஏதாச்சும் எழுதுங்க.”

வேறு புத்தகம் கொடுத்து, ‘வாழ்க வளமுடன்’ என்று எழுதினேன். பின்னால் நின்றவர்கள் கேட்டுவிட்டார்கள். “எனக்குக் கையெழுத்து மட்டும் போதும் அங்கிள்.” “எனக்கும் அதேதான்.” “மகளுக்கு அடுத்த மாசம் கல்யாணம்லா, அதெல்லாம் எழுதிடாதீங்க.” வரிசை வேகமாக நகர்ந்தது. அந்த வேகத்தில் நான் எப்போதும் வெல்டிங் அடித்ததில்லை.

கூட்டம் மீ ஹூனுக்குப் போன பிறகு ஒரு வயதான அம்மாள் மேசைக்கு வந்தார். தெரிந்த முகம். பழைய தோட்டத்துக்காரர், என் மனைவிக்கு அடுத்த மர நிரையில் பால் வெட்டினவர். அவளைவிட மூத்தவர். பேரனுடைய காரில் வந்திருந்தார். கையில் புத்தகம் இருந்தது.

“எழுது தம்பி.”

“என்னாக்கா எழுதணும்?”

“எல்லாரும் வேணாங்குறாங்களே, அதை எழுது. எனக்கென்னா பயம்? இனிமேலா நான் சாவப் போறதுக்குப் பயப்படப் போறேன்?”

எழுதினேன். அவர் புத்தகத்தைத் திருப்பி என்னிடமே தள்ளினார். “எனக்கு எங்க படிக்கத் தெரியும்? நீயே படி.”

படித்தேன். பாடம் ஒப்புவிக்கிற பிள்ளையைக் கேட்கிற மாதிரி தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தவர், நடுவில் கையைத் தூக்கினார்.

“நிறுத்து. வாசல்ல வாளியா?”

“ஆமாக்கா.”

“அவ எப்ப வாசப்பக்கமா வந்தா? காட்டுல இருந்து வர்றவ, உடம்பு பூரா பால் நாத்தம், முன்வாசல் வழியாவா வருவா? பின்னால கொழாயடியில வாளியக் கவுத்துட்டு, பூட்ஸக் கழுவி வேலியில மாட்டிட்டு, சமயக்கட்டு வழியாத்தான் உள்ள போவா. வாசல் ஒனக்கு. நீதான் பைய மாட்டிக்கிட்டு எப்பவோ ஒரு நாளு வர்றவன்.”

நான் பேனாவைத் திறந்து ‘வாசலில்’ என்பதை அடித்துவிட்டு ‘குழாயடியில்’ என்று எழுதினேன். இத்தனை வருஷத்தில் இத்தனை குடும்பங்கள் பேப்பரில் போட்டும், தலைவர் தங்க எழுத்தில் பொறித்தும், ஒருவரும் அந்த வரியில் தப்பு கண்டுபிடிக்கவில்லை.

“மீதியப் படி.”

படித்தேன்.

“சோறு நீ ஆக்குனியா?” பல் இல்லாத வாயைத் திறந்து சிரித்தார். “நீயா?”

“கவிதைதானேக்கா.”

“அதான பாத்தேன்.” பிறகு அந்தப் பக்கத்தை விரலால் மேலிருந்து கீழே தடவிக்கொண்டு வந்தார். என் பேர் இருந்த இடத்தில் விரல் நின்றது. “இது என்னா?”

“எம் பேரு.”

“அவ பேரு எங்க?”

நான் பக்கத்தை மேலிருந்து ஒரு முறை பார்த்தேன். இல்லை.

“அவளைப் பத்தி எழுதியிருக்குற, அவ பேரு இல்லாம வேற எவளோன்னுல நெனப்பாங்க” என்றார் அவர். “மேல எடம் இருக்கு பாரு. பெருசா போடு.”

பெரிதாகப் போட்டேன். மை காய்வதற்குள் அவர் புத்தகத்தை மூடிவிட்டார். கேசரிப் பொட்டலத்தோடு சேர்த்துப் பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொண்டு, கார் வந்துவிட்டதா என்று பார்க்கப் போனார். உள்ளேயிருந்து தலைவர், டத்தோவோடு ஒரு படம் எடுக்க வேண்டும், வாருங்கள் கவிஞரே என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் மேசையில் மிச்சமிருந்த புத்தகங்களில் ஒன்றை இழுத்து, கடைசிப் பக்கத்தைத் திறந்து, முதலில் அவள் பேரை எழுதினேன்.